கோளரங்கத்தின் வானமும் மொட்டை மாடியின் வானமும்: ‘கோள்களின் அணிவகுப்பு’ எழுப்பிய குழப்பத்துக்கு ஒரு விளக்கம்

2025 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ‘கோள்களின் அணிவகுப்பு’ என்ற செய்தி தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓயாமல் சுற்றிவந்தது. செய்தியோடு வந்த படங்களில் ஏழு கோள்களும் வண்ண உருண்டைகளாக, சூரியனுக்கு ஒரே பக்கத்தில், நூல் பிடித்தாற்போல நின்றன. அதைப் பார்த்துவிட்டுத் திருவொற்றியூரிலோ தண்டையார்ப்பேட்டையிலோ மொட்டை மாடிக்கு ஏறியவருக்கு மேற்கே பளிச்சென்று வெள்ளியும், உச்சிக்கு அருகே வியாழனும், கிழக்கே செந்நிறத்தில் செவ்வாயும் தெரிந்திருக்கும். மிஞ்சிய கோள்களில் சிலவற்றுக்குத் தொலைநோக்கி வேண்டும். சில அந்தி வெளிச்சத்திலேயே மூழ்கிப் போயிருக்கும்.

இந்த ஏமாற்றத்தின் தொடர்ச்சியாக எழும் கேள்வி நியாயமானது. கோளரங்கத்தின் இருட்டுக்குள் உட்கார்ந்தால் எல்லாக் கோள்களும் தெரிகின்றன, ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் தெரிகின்றன. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பத்து இருபது புள்ளிகளைத் தேட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே காட்டப்பட்டது உண்மையான வானமா, அல்லது வெறும் சினிமாவா?

விடை, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. பூமியின் மேல் நிற்பவர் அண்ணாந்து காணும் வானம் ஒன்று. சூரியக் குடும்பத்துக்கு வெளியே போய் நின்று திரும்பிப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் தெரியும் அமைப்பு மற்றொன்று. கோளரங்கத்தின் குவிமாடம் முதலாவதைக் காட்டுகிறது. அதே வளாகத்தின் காட்சிக்கூடங்களில் வைக்கப்படும் மாதிரிகள் பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டுகின்றன. செய்திப்படம் இரண்டாவதைக் காட்டிவிட்டு, முதலாவதைப் பார்க்க வாருங்கள் என்று மக்களை மாடிக்கு அழைத்தது. குழப்பம் முழுவதும் அங்கேதான் பிறந்தது. கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கு வடசென்னையிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே காணும் ஒவ்வொன்றும் தெளிவாகப் பிடிபடும்.

கோளரங்கம் செய்யும் வேலை

வானோக்கு நிலையம் வேறு, கோளரங்கம் வேறு. வானோக்கு நிலையத்தில் தொலைநோக்கி இருக்கும். விண்மீனிலிருந்து புறப்பட்ட ஒளியே கண்ணையோ கருவியையோ வந்து சேரும். சென்னைக்கு அதுவும் பழக்கமானதே. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த மெட்ராஸ் வானோக்கு நிலையம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. 1899-இல் அதன் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. மெட்ராஸ் நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும்.

கோளரங்கத்துக்குள் விண்மீனின் ஒளி ஒரு துளியும் வருவதில்லை. அங்கே இருப்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் விடை, அரைக்கோள வடிவக் கூரையின் மீது ஒளிப்புள்ளிகளாக விழுகிறது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் வால்தர் பவர்ஸ்ஃபெல்டு வடிவமைத்த முதல் ஒளிவீச்சுக் கோளரங்கக் கருவி 1923-இல் மியூனிக்கில் காட்டப்பட்டது. இந்தியாவில் கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கம் 1962-இலும், மும்பையின் நேரு கோளரங்கம் 1977-இலும், சென்னையின் பிர்லா கோளரங்கம் 1988-இலும் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

அந்தக் கணக்கு கூரைக்கு வந்து சேரும் விதம் இதுதான்:

1. விண்மீன்களின் இடம் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ மாறாதது. பழைய வகைக் கருவியில், நுண்ணிய துளைகள் இடப்பட்ட ஓர் உருண்டைக்குள் விளக்கை எரியவிட்டு, துளைவழி வரும் ஒளியைக் கூரையில் விழச் செய்வார்கள். பிரகாசமான விண்மீனுக்குப் பெரிய துளை, மங்கலானதற்குச் சிறிய துளை.

2. கோள்கள் விண்மீன்களுக்கிடையே நாள்தோறும் சிறிது சிறிதாக இடம் மாறுபவை. ஆகவே சூரியன், சந்திரன், கோள்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒளிவீசிகளும் அவற்றைச் சரியான விகிதத்தில் நகர்த்தும் பற்சக்கரங்களும் தேவைப்பட்டன. இப்போதைய எண்ணிம (டிஜிட்டல்) கருவிகளில் இந்த வேலையைக் கணினி செய்கிறது.

3. பார்ப்பவர் நிற்கும் இடத்தின் அட்சரேகையைக் கருவிக்குச் சொல்ல வேண்டும். சென்னை ஏறத்தாழ 13 பாகை (டிகிரி) வட அட்சரேகையில் இருப்பதால், இங்கே துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனுக்கு மாற்றினால் அது 51 பாகைக்கு ஏறிவிடும்.

4. தேதியையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய இரவு, பாட்டனார் பிறந்த இரவு, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இரவு எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

5. கூரை பெரும்பாலும் நுண்துளைகள் இட்ட அலுமினியத் தகடுகளால் ஆனது. ஒலிபெருக்கிகள் அதற்குப் பின்னால் இருக்கும். துளைகளின் வழியே ஒலியும் காற்றும் வரும், கண்ணுக்குத் துளைகள் தெரியாது.

நான்காவது அம்சத்தின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லச் சுழன்று வருகிறது. அதனால் சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளும், மகர ராசியின் தொடக்கத்துக்கு வரும் நாளும் விலகிக்கொண்டே போகின்றன. இன்று சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாள் வருவதோ ஜனவரி 14 வாக்கில். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் அமைந்திருந்தன. குவிமாடத்தின் காலத்தைப் பின்னுக்கு ஓட்டினால் இந்த விலகல் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டு வரும். எந்தப் பாடப்புத்தகப் படத்தாலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

ஆகவே உள்ளே காட்டப்படும் விண்மீன் வானம் சினிமா என்ற ஐயம் தேவையில்லை. அது கணக்கிடப்பட்ட உண்மையான வானம். அதே கூரையில் முன்பே தயாரித்த முழுக்குவிமாடப் படங்களும் திரையிடப்படுகின்றன. கருந்துளைக்குள் பாய்வது, வால்மீனின் மேல் பறப்பது போன்றவை அவ்வகை. அவை பிள்ளைகளைக் கவர்கின்றன என்பதில் மறுப்பில்லை. ஆயினும் ஒரு விளக்குநர் ஒளிக்குறியைக் கையில் பிடித்து, ‘இது திருவாதிரை, இது உரோகிணி, இதோ கார்த்திகைக் கூட்டம், இன்று இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பாருங்கள்’ என்று தமிழில் சொல்லும் கால் மணி நேரத்துக்கு அந்தப் படங்கள் ஈடாகா என்பதே இக்கட்டுரையின் கருத்து. படத்தை எந்தத் திரையிலும் பார்க்கலாம். நம் ஊர் வானத்தை இருட்டில் அடையாளம் காட்டுவதற்குக் கோளரங்கத்தை விட்டால் வேறு பொது இடம் இல்லை.

கோள்கள் ஒரே கோட்டில் நின்றனவா?

சூரியக் குடும்பம் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன், சுழலும் தட்டையான வாயு, தூசு வட்டிலிலிருந்து உருவானது. அதனால் கோள்களின் சுற்றுப்பாதைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தளத்தில் கிடக்கின்றன. பூமியின் பாதைத் தளத்தோடு ஒப்பிட்டால் புதன் 7 பாகையும், வெள்ளி 3.4 பாகையும் சாய்ந்துள்ளன; மற்றவற்றின் சாய்வு இன்னும் குறைவு.

அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கும் பூமியிலிருந்து பார்ப்பவருக்கு, தளம் முழுவதும் வானத்தில் ஒரு மெல்லிய வில்லாகத்தான் தெரியும். அந்த வில்லுக்குச் சூரியப்பாதை என்று பெயர். சூரியனும் சந்திரனும் கோள்களும் எப்போதும் அதையொட்டியே தென்படும். மேஷம் முதல் மீனம் வரையிலான பன்னிரண்டு ராசிகளும் அந்தப் பாதையில் அமைந்த விண்மீன் கூட்டங்கள்தாம்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன.

முதலாவது, வானத்தில் கோள்கள் ஒரு கோட்டில் தெரிவது செய்தியே இல்லை. இரண்டு தெரிந்தாலும் ஐந்து தெரிந்தாலும் அவை எந்த நாளும் அந்தக் கோட்டில்தான் இருக்கும். செய்தியாக இருந்தது, பல கோள்கள் ஒரே மாலைப்பொழுதில் அடிவானத்துக்கு மேலே இருந்தன என்பது மட்டுமே.

இரண்டாவது, வானத்தில் கோட்டில் தெரிவதால் அவை விண்வெளியிலும் சூரியனிலிருந்து ஒரே திசையில் நூல் பிடித்து நிற்கின்றன என்று பொருளாகாது. 2025 பிப்ரவரியில் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பக்கமாக நெருங்கிக்கொண்டிருந்தது. சனியோ சூரியனுக்கு அப்பால் மறுபுறம் சென்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்திருந்தால் கோள்கள் வெவ்வேறு திசைகளில் சிதறியே இருந்திருக்கும்.

மூன்றாவது முடிவு கடலோர மக்களுக்கு முக்கியமானது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் கடல் பொங்கும், அலை உயரும் என்ற வதந்தியும் கூடவே வந்துவிடுகிறது. கடலின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணமான ஈர்ப்பு வேறுபாடு, தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். கோள்களில் இவ்வகையில் அதிக விளைவு தரக்கூடிய வெள்ளி, பூமிக்கு மிக அருகே வரும்போதுகூட, சந்திரன் உண்டாக்கும் விளைவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை. மற்றக் கோள்களின் பங்கு அதனினும் சிறிது. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர் அமாவாசை, பௌர்ணமியைக் கணக்கில் கொள்வது அறிவியலுக்குப் பொருந்தும். கோள்களின் அணிவகுப்பைக் கண்டு அஞ்ச எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. செய்திகளோடு வரும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் வரையப்பட்டவை. அங்கே குளிர்கால மாலைகளில் கோள்களின் வில் தெற்கு வானத்தில் அமைந்திருக்கும். சென்னையிலோ அது அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுந்து ஏறத்தாழ உச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்கும். படத்தில் உள்ளபடி தெற்கே தேடிக்கொண்டிருப்பவர், தலைக்கு மேலேயே நிற்கும் வியாழனைத் தவறவிடக்கூடும். பிறைச்சந்திரனும் அப்படித்தான்: படங்களில் நிமிர்ந்து நிற்கும் பிறை, நம் ஊரில் கொம்புகள் இரண்டும் மேல்நோக்கப் படுத்த நிலையில் தெரியும். சென்னையின் அட்சரேகைக்கு அமைத்த குவிமாடம் இந்தப் பிழையைத் தானாகவே நீக்கிவிடுகிறது.

காட்சிக்கூடத்தின் மாதிரிகள்: எது மாற்றப்பட்டிருக்கிறது?

குவிமாடத்தை விட்டு வெளியே வந்து காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தவுடன் பார்வையிடம் மாறிவிடுகிறது. இப்போது நாம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே நின்று பார்க்கிறோம். ஓர் அறைக்குள் அடங்க வேண்டும் என்பதால் எந்த மாதிரியும் ஏதாவது ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும். அளவு, தூரம், காலம், விசை ஆகிய நான்கில் எது மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு மாதிரியின் முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதை அருகிலேயே எழுதி வைப்பது காட்சிக்கூடங்களின் கடமை. எழுதப்படாத இடங்களில் ஆசிரியர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

சூரியனைச் சுற்றிக் கோள் உருண்டைகள் கம்பிகளில் நிற்கும் மாதிரியை எடுத்துக்கொள்வோம். இதில் அளவும் தூரமும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தா. இரண்டையும் ஒரே விகிதத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை வடசென்னையின் தெருக்களிலேயே கணக்கிடலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் வாசலில் ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையைச் சூரியனாக வைப்போம். அந்த விகிதத்தில் பூமி 9 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டைக்காய் அளவு. அது நிற்க வேண்டிய இடம் 107 மீட்டர் தள்ளி. வியாழன் 10 சென்டிமீட்டர் உருண்டையாக 560 மீட்டரில் இருக்கும். சனி ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நெப்டியூன் மூன்றரை சென்டிமீட்டர் அளவில், 3 கிலோமீட்டருக்கும் அப்பால், தண்டையார்ப்பேட்டைப் பக்கம் எங்கோ கிடக்கும். இடையில் உள்ள கல்மண்டபமும் காசிமேடும் அத்தனை வீதிகளும் வெற்றிடம். சூரியனுக்கு அடுத்த விண்மீனை வைக்க வேண்டுமானால் 28,000 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். அதற்குப் பூமியின் சுற்றளவில் பாதியும் போதாது.

அறைக்குள் இருக்கும் மாதிரியில் இந்த வெறுமை தெரியாது. செய்திப்படத்திலும் தெரியவில்லை. கோள்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இது விளக்குகிறது.

வேறு சில காட்சிப்பொருள்களையும் இதே கேள்வியோடு அணுகலாம். எல்லா அறிவியல் மையங்களிலும் இவை அனைத்தும் இருக்கும் என்பதில்லை. ஆனால் பல இடங்களில் காணக் கிடைப்பவை.

1. மற்றக் கோள்களில் உங்கள் எடை. 60 கிலோ காட்டும் ஒருவர் சந்திரனில் 10 கிலோவும் செவ்வாயில் ஏறத்தாழ 23 கிலோவும் காட்டுவார். அவருடைய உடலின் பொருண்மை எங்கும் மாறுவதில்லை. கோள் அவரை இழுக்கும் விசைதான் மாறுகிறது. வியாழனுக்குக் காட்டப்படும் எண்ணை மட்டும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழனில் காலூன்றி நிற்கத் தரை கிடையாது. அந்த எண் மேகங்களின் மேல்மட்டத்துக்கானது.

2. நாணயத்தை உருட்டிவிடும் புனல். விளிம்பில் விட்ட நாணயம் சுற்றிச் சுற்றி உள்ளே வேகமெடுப்பது, சூரியனுக்கு அருகில் உள்ள கோள் வேகமாகச் சுற்றுவதைச் சரியாகவே உணர்த்துகிறது. ஆனால் நாணயம் இறுதியில் குழிக்குள் விழுவது உராய்வினால். விண்வெளியில் அத்தகைய உராய்வு இல்லாததால் கோள்கள் அப்படிச் சூரியனுக்குள் சுருண்டு விழுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால், பூமியும் ஒரு நாள் விழுந்துவிடும் என்ற எண்ணத்தோடு பிள்ளை வீடு திரும்பும்.

3. ஃபூக்கோ ஊசல். நீண்ட கம்பியில் தொங்கும் குண்டு ஆடும் திசை மெல்லத் திரும்புவதைக் கொண்டு பூமியின் தற்சுழற்சியை நிறுவும் கருவி. பாரிஸில் அது ஒரு முழுச்சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்தத் திருப்பம் மந்தமாகிக்கொண்டே போகும். சென்னையின் அட்சரேகையில் ஒரு சுற்றுக்கு நான்கு நாளுக்கும் மேல் தேவை. ஒரு மணி நேரத்தில் மூன்றரைப் பாகைதான் நகரும் என்பதால், நம் ஊரில் இதன் முன் ஐந்து நிமிடம் நின்றவர் ஒன்றும் நகரவில்லை என்று எண்ணிப் போய்விடுவார்.

4. மிதக்கும் விண்வெளி வீரர்களின் படம். அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு விசை, தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே வேகத்தில் பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடையை உணர்வதில்லை.

வடசென்னையில் ஏன் விண்மீன்கள் தெரிவதில்லை?

விண்மீன்களின் பிரகாசத்தை ஒளிர்வுத் தரம் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது. ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2.5 மடங்கு என்று 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். அவரே 1861 முதல் 1891 வரை மெட்ராஸ் வானோக்கு நிலையத்தின் தலைவராக இருந்தார்.

நல்ல இருட்டில் கூர்மையான கண் ஆறாம் தரம் வரை காணும். அப்போது ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் தெரியும். மூன்றாம் தரத்தோடு கண் நின்றுவிட்டால் அந்த எண்ணிக்கை நூறுக்கும் கீழே இறங்கிவிடும். நகரத்து வானத்தின் நிலை இதுதான். விண்மீன்கள் எங்கும் போய்விடவில்லை. மேல்நோக்கிச் சிதறும் விளக்கொளி, காற்றிலுள்ள தூசிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி, வானத்தின் பின்புலத்தையே வெளுக்கச் செய்துவிடுகிறது. வெண்மையில் நீலம் மிகுந்த எல்இடி விளக்கின் ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுவதால், அது இந்த வெளுப்பை மேலும் கூட்டுகிறது.

வடசென்னைக்கு இதில் சுமை கூடுதல். துறைமுகத்தின் உயரமான விளக்குக் கம்பங்கள், சரக்குப்பெட்டக முனையங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்கள் எல்லாம் இரவு முழுவதும் ஒளிர்பவை. துருவ நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டால் இழப்பு நன்கு புரியும். இரண்டாம் தரத்தைச் சேர்ந்த அது நியாயமாக இங்கே தெரிய வேண்டியது. ஆனால் 13 பாகை உயரத்தில் இருப்பதால் அதன் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட காற்றைக் கடந்து வர வேண்டும். ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ நின்று வடக்கே பார்ப்பவருக்கு அந்தக் காற்று முழுவதும் மணலி, எண்ணூர்ப் பக்கத்து வெளிச்சத்தாலும் புகையாலும் நிறைந்திருக்கிறது. திசை காட்டும் விண்மீன் என்று பாடத்தில் படித்த ஒன்றை நேரில் காணாமலே ஒரு தலைமுறை வளர்வது சிறிய இழப்பன்று. ஒளியை மேலே சிந்தவிடாமல் தரையை நோக்கி மறைப்பிட்டு விளக்குகளை அமைப்பது பெரும் செலவில்லாத, செய்யக்கூடிய காரியம்.

குவிமாடம் இந்த இடத்தில்தான் இன்றியமையாததாகிறது. நகரத்து ஒளியோடு தொடங்கி, அதைப் படிப்படியாக அணைத்து, அதே வானத்தில் அதுவரை மறைந்திருந்தவற்றை வெளிக்கொணர அதனால் முடியும். அதை முழுமையாகக் காணக் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். விழித்திரை இருளுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும், பழகியது பெருமளவு கெட்டுவிடும். பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணையும் அது கெடுக்கும்.

கண்ணால் கண்ட ராக்கெட்டும் காட்சிக்கூடத்து ராக்கெட்டும்

வானத்து விண்மீன்களை இழந்த வடசென்னைக்கு, தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு வாய்க்காத ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் காசிமேட்டிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். எண்ணூர்க் கடற்கரையிலும் பழவேற்காட்டிலும் நிற்பவருக்கு இன்னும் அருகில். வானம் தெளிவாக இருந்தால் ஒவ்வோர் ஏவுதலும் வடக்கே ஒரு தீப்புள்ளியாகக் கிளம்பிப் புகைத்தடத்தோடு ஏறுவதை இங்குள்ளவர்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35-க்குச் சந்திரயான்-3 புறப்பட்டபோதும் மாடிகளில் கூட்டம் நின்றது. அந்தக் காட்சியையும் காட்சிக்கூடத்து ராக்கெட் மாதிரியையும் இணைத்துப் பார்ப்பதற்குச் சில விவரங்கள் உதவும்.

நேரலையில் ராக்கெட் கிளம்பிவிட்டது, வானத்தில் இன்னும் காணவில்லை என்பது முதல் கேள்வி. பூமியின் வளைவினால், அந்தத் தூரத்தில் தரையையொட்டிய முதல் 200, 300 மீட்டர் உயரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ராக்கெட் அந்த உயரத்தைத் தாண்டிய பிறகே கண்ணுக்கு எட்டும். கடற்கரை மணலில் நிற்பவரைவிட மாடியில் நிற்பவர் சற்று முன்னதாகப் பார்ப்பார். ஒலி வந்து சேர மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் ராக்கெட் வளிமண்டலத்தின் அடர்ந்த பகுதியைத் தாண்டிவிட்டிருக்கும்.

மேலே போக வேண்டிய ராக்கெட் ஏன் பக்கவாட்டில் சாய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. உயரம் மட்டும் போதாது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைக்க, நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகம் பக்கவாட்டில் வேண்டும். எரிபொருளின் பெரும்பகுதி செலவாவது அதற்காகத்தான். கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் தற்சுழற்சி நொடிக்கு 450 மீட்டர் அளவுக்கு இலவசமாகத் தருகிறது. கீழே கடல் இருப்பதால், ராக்கெட்டிலிருந்து கழன்று விழும் அடுக்குகள் ஊரின் மேல் விழமாட்டா. ஏவுதலுக்கு முன் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று தடுப்பதற்கும் இதுவே காரணம். துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்குச் செல்லும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நேர் தெற்கே போனால் இலங்கையின் மேல் பறக்க நேரும். ஆகவே முதலில் தென்கிழக்காகச் சென்று பிறகு திரும்புகிறது.

காட்சிக்கூடத்தில் பி.எஸ்.எல்.வி. மாதிரியின் முன் நிற்கும்போது அதன் நான்கு அடுக்குகளைக் கவனிக்க வேண்டும். கீழிருந்து முதலாவது திட எரிபொருள், அடுத்தது திரவம், மூன்றாவது திடம், நான்காவது திரவம். 44 மீட்டர் உயரமும் 320 டன் எடையும் கொண்ட முழு ஊர்தியில் பெரும்பகுதி எரிபொருளே. சுற்றுப்பாதையை எட்டும் செயற்கைக்கோள் ஒன்றிரண்டு டன்தான். காலியான கொள்கலத்தைச் சுமந்துகொண்டு மேலே போவது வீண் என்பதால் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடப்படுகின்றன. மாடியிலிருந்து பார்த்தபோது தீப்புள்ளி மங்கி மறுபடி ஒளிர்ந்தது நினைவிருந்தால், அது அடுக்கு மாறிய நேரமாக இருந்திருக்கலாம்.

நிலவில் இறங்கிய விக்ரம் தரையிறங்கியின் மாதிரியைக் காணும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அனார்த்தசைட் என்ற பாறை, நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைக்கிறது. அந்தப் பாறையைப் பொடித்து நிலவு மண்ணைப் போலத் தயாரித்து, அதன் மேல் தரையிறங்கியையும் உலாவியையும் சோதித்துப் பார்த்தார்கள்.

போகும் வழியும் பார்க்கும் வரிசையும்

திருவொற்றியூர், ராயபுரம் பகுதியிலிருந்து கடற்கரை நிலையம் வந்து, வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருபவர்கள் சின்னமலை அல்லது கிண்டியில் இறங்கிப் பேருந்தையோ ஆட்டோவையோ பிடிக்கலாம். தமிழ்க் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் தனித்தனி என்பதால், புறப்படும் முன் கேட்டறிந்துகொண்டு தமிழ்க் காட்சிக்கு முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது.

வரிசையைப் பொறுத்தவரை, முதலில் குவிமாடம், பிறகு காட்சிக்கூடம் என்று வைத்துக்கொள்வது பொருத்தம். பூமியில் நின்று பார்ப்பது முதலில் மனத்தில் பதிந்தால்தான், வெளியே நின்று பார்ப்பது அதற்கு விளக்கமாக அமையும். வரிசையை மாற்றினால் மாதிரிகள் வெறும் பொம்மைகளாக நின்றுவிடுகின்றன.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை. உள்ளே காட்டிய விண்மீன்களை அதே வாரத்தில் வெளியே தேடிப் பார்க்கலாம். பிப்ரவரி மாலைகளில் தெற்கே, அடிவானத்திலிருந்து 24 பாகை உயரத்தில், அகத்திய விண்மீன் நகரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும். ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒவ்வொரு நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். மகர, கடக ரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே உரிய அந்த நிகழ்வைப் பார்க்கத் தொலைநோக்கியோ இருட்டோ வேண்டாம். வியாசர்பாடியின் எந்தப் பள்ளி மைதானத்திலும் ஒரு கம்பை நட்டுப் பார்க்கலாம்.

ராக்கெட் ஏவுதலை இன்னும் நெருக்கத்தில் காண விரும்புவோருக்கு, 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் அரங்கு இருக்கிறது. அருகிலேயே விண்வெளி அருங்காட்சியகமும் ராக்கெட்டுகளின் காட்சித் தோட்டமும் அமைந்துள்ளன. ஏவுதல் நாளுக்கு முன்பே இஸ்ரோவின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் அதே புறநகர் ரயில் பாதைதான் சூலூர்பேட்டைக்கும் போகிறது. ஏவுதளத்துக்கு அங்கிருந்து சாலை வழியாகச் செல்ல வேண்டும்.